கிராம ஊராட்சி யாருக்கு என்ன செய்யும், எதற்கு எங்கே போக வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சரி, பட்டாவில் பெயர் தப்பாக இருந்தாலும் சரி, ஊரில் எல்லோரும் முதலில் போய் நிற்பது தலைவர் வீட்டு வாசலில்தான். அதில் பாதி வேலை அவருடையதே இல்லை. மீதிப் பாதி அவர் செய்தே ஆக வேண்டியது, ஆனால் அதையும் நாம் ஏதோ தயவு கேட்பதுபோல் கேட்டுவிட்டு வருகிறோம். எந்த வேலை யாருடையது, அதை எப்படிக் கேட்டால் நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளைப் பற்றியவை. பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருப்பவர்களுக்குச் சட்டமே வேறு.

ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று இருக்கிறதே, எது எதற்கு?

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. இன்று நம் ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. மாநிலத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருக்கின்றன.

குடிநீர், தெருவிளக்கு, ஊருக்குள் இருக்கும் தெரு, சாக்கடை, குப்பை, சுடுகாடு இதெல்லாம் கிராம ஊராட்சியின் வேலை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் சாலைகளில் பல, ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள், 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சின்ன ஏரிகள் ஆகியவை ஒன்றியத்திடம் இருக்கும். மாவட்ட ஊராட்சிக்குப் போக வேண்டிய தேவை சாதாரணமாக நமக்கு வராது.

யூனியன் ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், இரண்டு பேர். பெயர்ப் பலகையில் "கி.ஊ." என்று போட்டிருப்பவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர், "வ.ஊ." என்று இருப்பவர் ஒன்றியத்தைப் பார்ப்பவர். ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினைக்கு "வ.ஊ." அறை வாசலில் காத்திருந்தால் ஒரு நாள் வீணாகும்.

வி.ஏ.ஓ. நம் ஊர்க்காரர்களுக்குத்தானே வேலை செய்கிறார், அவர் ஊராட்சியில் சேர்த்தி இல்லையா?

இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை. அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று போகும். பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாம் அந்தப் பக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும், தலைவரின் சிபாரிசு தேவையில்லை.

ஊராட்சி மன்றத்தில் தினமும் நாம் பார்க்கும் ஆள் ஊராட்சிச் செயலர். வரி ரசீது, தீர்மானப் புத்தகம், கணக்கு எல்லாம் அவர் கையில். இவரையும் வி.ஏ.ஓ.வையும் ஒரே ஆள் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பல ஊர்களில் இரண்டு ஆபீஸும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம் என்பதால் வரும் குழப்பம் அது.

எங்கள் தெருவுக்குத் தண்ணீரே வரவில்லை. யாரிடம் சொல்வது?

முதலில் டேங்க் ஆபரேட்டரிடம் பேசுங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு ஏற்றுவதும், எந்தத் தெருவுக்கு எப்போது கேட்வால்வு திறப்பது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டதா, மோட்டார் காயில் போய்விட்டதா, குழாய் எங்காவது உடைந்திருக்கிறதா என்பது அவருக்கு மட்டுமே உடனே தெரியும். காரணம் தெரியாமல் மேலே புகார் கொடுத்தால், "விசாரிக்கிறோம்" என்ற பதிலோடு ஒரு வாரம் போய்விடும்.

உங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது என்றால், அதாவது காவிரித் தண்ணீரோ தாமிரபரணித் தண்ணீரோ தொலைவிலிருந்து வருகிறது என்றால், ஊர்த் தொட்டிக்கு வந்து சேரும் வரை அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து வீடு வரை ஊராட்சியின் பொறுப்பு. தொட்டிக்கே வரவில்லையா, தொட்டிக்கு வந்து வீட்டுக்கு வரவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. ஐந்து பேர் இருக்கும் வீடு என்றால் 275 லிட்டர், கிட்டத்தட்ட பதினெட்டுக் குடம். வாசலில் குழாய் நிற்கிறது, தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை நான்கு குடம் என்றால், "எங்கள் தெருவில் இணைப்பு இருக்கிறது, அளவு இல்லை" என்று அந்த எண்ணைப் போட்டே எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் உங்கள் வீடு "இணைப்பு பெற்ற வீடு" என்றுதான் இருக்கும். குறை இருப்பது நீங்கள் சொன்னால்தான் பதிவாகும்.

கடைசி வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் ஏறுவதே இல்லையே?

முக்கால்வாசி ஊர்களில் காரணம் ஒன்றுதான். முன்னால் இருக்கும் வீடுகளில் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். வால்வு திறந்த பத்தாவது நிமிடம் தெருவில் நடந்து பார்த்தால் உர்ரென்று சத்தம் கேட்கும். அது சட்டப்படி தப்பு, ஊராட்சி மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம், இணைப்பைத் துண்டிக்கலாம். செய்ய மாட்டார்கள், ஏனென்றால் மோட்டார் வைத்திருப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஓட்டு அதிகம் உள்ள வீட்டுக்காரராகவோ இருப்பார். தனி ஆளாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பகை மட்டும்தான் மிஞ்சும். தெருவின் கடைசி வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். "எல்லா வீட்டிலும் சோதனை" என்று தீர்மானம் இருந்தால் யாரையும் பெயர் சொல்லிக் குறிவைத்ததாக ஆகாது, தலைவருக்கும் அது வசதி.

தொட்டியைச் சுத்தம் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதம் இரண்டு முறை கழுவி, தேதியைத் தொட்டியிலேயே எழுதிவைப்பது வழக்கம். எழுதியிருக்கும் தேதியைப் படியுங்கள், சில ஊர்களில் ஆறு மாதப் பழைய தேதி இருக்கும். தொட்டிக்கு ஏறும் படியில் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்த பிறகும், பூட்டு இல்லாத தொட்டி ஊரில் இருக்கிறது என்றால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஈ.பி.யில் சொல்வதா, ஊராட்சியில் சொல்வதா?

பல்பு, ஃபிட்டிங், சுவிட்ச் பெட்டி என்றால் ஊராட்சி. கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது, டிரான்ஸ்ஃபார்மரில் பொறி பறக்கிறது என்றால் மின்வாரியம். அதற்கு மின்னகம் எண் 94987 94987. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு சொன்னால் ஆள் தேடி அலைய மாட்டார்கள்.

சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. மூன்று ஆபீஸிலும் "எங்கள் சாலை இல்லை" என்கிறார்கள்.

கிராமச் சாலைகள் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்று வகை. ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் சாலைப் பதிவேடு இருக்கும். அதில் சாலையின் பெயர், நீளம், கடைசியாக எப்போது போட்டார்கள் என்பது இருக்கும். "இந்தச் சாலை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் பந்து மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், எழுத்தில் "எங்களுடையது இல்லை" என்று கையெழுத்துப் போட யாரும் துணிய மாட்டார்கள்.

வீட்டு வரி எவ்வளவு, எங்கே கட்டுவது?

வரி அரையாண்டுக் கணக்கில் வரும். கட்டடத்தின் பரப்பையும், ஓடா, ஓலையா, தார்சா என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் இப்போது ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே கட்டலாம். போனில் கட்டத் தெரியாதவர்கள் ஊராட்சி மன்றத்தில் செயலரிடம் கட்டலாம், ஆனால் ரசீது வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். "அப்புறம் தருகிறேன்" என்றால் காசையும் அப்புறமே கொடுங்கள்.

வரி ரசீது வைத்திருப்பதாலேயே இடம் உங்களுடையது என்று ஆகிவிடாது. அதற்குப் பட்டாவும் பத்திரமும் வேண்டும். அதேபோல் வரி பாக்கி வைத்திருந்தால் குடிநீரை மறுக்கலாமா, சான்று தர மறுக்கலாமா என்று பெரிய சண்டையெல்லாம் நடக்கிறது. அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல் வரியைக் கட்டிவிடுவது நல்லது. பெரும்பாலான வீடுகளுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் வரும், அந்தப் பணம் வெளியே எங்கும் போகாமல் ஊராட்சிக்கே வருகிறது.

வீடு கட்ட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம். முன்பு தலைவரிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு அலைய வேண்டியிருந்தது. இப்போது ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பம். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. கட்டணத்தை ஆன்லைனில் கட்டினால் போதும். அதற்கு மேல் யாராவது "ஆபீஸ் செலவு" என்று கேட்டால் அது லஞ்சம், வேறு பெயர் கிடையாது. மனையே அங்கீகாரம் இல்லாதது என்றால் கதை வேறு. இடம் வாங்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, இறப்புச் சான்று எங்கே?

21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. கிராமத்தில் வீட்டில் நடந்த பிறப்பு, இறப்பை வி.ஏ.ஓ. பதிவார். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆஸ்பத்திரியே தெரிவிக்கும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். வயதானவர்கள் இறந்தால் காரியம் முடியட்டும் என்று விட்டுவிடுகிறோம், பிறகு வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வருடக்கணக்கில் அலைகிறோம். பதினாறாம் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கேட்டால் எப்போதும் "நிதி இல்லை" என்றே சொல்கிறார்களே?

சொந்த வரி ஒரு பங்கு. அதைவிடப் பெரியது மாநில நிதிக்குழு மானியம். அதோடு மத்திய நிதிக்குழு மானியம். 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்றும், மீதி 40 சதவீதத்தை ஊரின் வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. ஆகவே "நிதி இல்லை" என்றால் எந்தக் கணக்கில் இல்லை என்று கேளுங்கள். குழாய் வேலைக்குப் பணம் இருந்து சாலைக்கு இல்லாமல் இருக்கலாம், அது உண்மையாகவே நடக்கும்.

நிதி நெருக்கடி பொய் என்று சொல்ல மாட்டேன். சின்ன ஊராட்சியில் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் கட்டி, பணியாளர் சம்பளம் கொடுத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். பணம் இருந்தும் வேலை நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் மோட்டார் மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய காசு கூட நின்றுபோகும். பல ஊர்களில் "ஊராட்சி முடங்கிவிட்டது" என்பதன் பின்னால் இருப்பது இந்த இரண்டு கையெழுத்துத்தான்.

கிராம சபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைக்கத் தேவையில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஒரு வாரம் முன்னாலேயே அறிவிப்பு வர வேண்டும். கோவில் மண்டபம் மாதிரி மதம் சார்ந்த இடத்தில் நடத்தக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குக்கிராமத்தில் சுழற்சியாக நடத்த வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். எப்போதும் பெரிய ஊரிலேயே நடத்தினால் காலனிக்காரர்களும் தள்ளி இருக்கும் பட்டிக்காரர்களும் வரவே மாட்டார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்றால், அரசு அனுப்பிய கூட்டப் பொருளை செயலர் கடகடவென்று படிப்பார். டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, நெகிழி ஒழிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். பாதிப் பேர் அதிலேயே எழுந்து போய்விடுவார்கள். போகாதீர்கள். கடைசியில் "இதர பொருள்கள்" என்று ஒன்று வரும், உங்கள் தெரு அதில்தான் இருக்கிறது. அதற்கு முன் வரவு செலவு படிப்பார்கள். படிவம் 30 என்று ஒன்று உண்டு, ஊராட்சியின் கணக்குச் சுருக்கம் அதில் இருக்கும். மொத்தத் தொகையை மட்டும் படித்துவிட்டுத் தாண்டப் பார்த்தால், இனம் இனமாகப் படிக்கச் சொல்லுங்கள். "குடிநீர்ப் பராமரிப்பு" என்று ஒரு வரி வரும். எந்தத் தெருவில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் போதும், அந்தத் தெருக்காரர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், உண்மை உடனே வெளியே வந்துவிடும். எந்த ஆடிட்டராலும் முடியாத தணிக்கை இது.

தீர்மானம் கொண்டுவர விரும்பினால் வாயால் சொல்லாதீர்கள், முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த மாதிரி எழுதலாம்: "நமது ஊராட்சி கிழக்குத் தெருவில் கடைசி பன்னிரண்டு வீடுகளுக்குக் குடிநீர் வருவதில்லை. தனியாகக் கேட்வால்வு அமைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் தண்ணீர் விட இக்கிராம சபை தீர்மானிக்கிறது." எங்கே, எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும், எப்போது என்பது அதில் இருக்கிறது. "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே கிடக்கும்.

தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கூட்டம் முடிந்து மறுநாள் எழுதிக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூட்டமே நடக்காமல் வீட்டுக்கு வீடு நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார்களே?

ஏனென்றால் குறைந்தபட்ச வருகை வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் வராத ஊரில் நூறுநாள் வேலை நோட்டோடு இந்த நோட்டையும் சேர்த்துச் சுற்றவிடுவார்கள். போடாதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன தீர்மானம் எழுதப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

நூறுநாள் வேலை, வீடு இதற்கெல்லாம் ஊராட்சிதானே பட்டியல் போடுகிறது?

வேலை அட்டைக்கு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள், 2005-ம் ஆண்டுச் சட்டப்படி வேலை கேட்ட 15 நாளுக்குள் தர வேண்டும் என்ற கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை என்று சொல்லும் புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. எந்தச் சட்டமானாலும் எழுதிக் கொடுத்துத் தேதி போட்டு வாங்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

வீடு என்றால், கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசை வீட்டுக்காரர்களுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பயனாளிப் பட்டியலை கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் ஏறியிருந்தால் எழுந்து சொல்ல வேண்டிய இடம் அதுதான். டீக்கடையில் பேசுவது பதிவாகாது.

தலைவர் பெண், ஆனால் எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார். என்ன செய்வது?

2016-ல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கினார்கள். சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரி தலைவர்தான். நகராட்சியில் இருப்பதுபோல் ஆணையர் என்று தனியாக ஒருவர் கிடையாது, அவ்வளவு அதிகாரம் அந்த நாற்காலிக்கு உண்டு. கணவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கூட்டத்தில் அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், "தலைவரம்மா சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மனுவையும் தலைவரம்மா கையிலேயே கொடுங்கள். முதல் வருடம் தயங்கிப் பேசியவர்கள் மூன்றாம் வருடம் பி.டி.ஓ.விடம் கணக்குக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நாம் கணவரைத் தேடிப் போவதை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

எங்கள் ஊராட்சி தனித் தொகுதி. தலைவரை நாற்காலியில் உட்காரவே விடுவதில்லை. இது ஊர் வழக்கம் என்கிறார்கள்.

வழக்கம் இல்லை, குற்றம். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தனித் தொகுதி என்பதற்காகவே 1996-லிருந்து பத்து வருடம் தலைவர் பதவியை இயங்கவிடாமல் வைத்திருந்தார்கள், 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அந்த நாற்காலிக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

பட்டியல் சமூகத் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது, தரையில் உட்காரவைப்பது, கொடியேற்றவிடாமல் செய்வது எல்லாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். 2022 சுதந்திர தினத்துக்கு முன் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்டங்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதினார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். தலைவர் மட்டும் தனியாகப் போராட வேண்டும் என்று விடாமல் ஊரில் மற்றவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுதான் அவருக்கு உண்மையான பலம்.

இப்போது எங்கள் ஊரில் தலைவரே இல்லை. யாரைப் பார்ப்பது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அங்கெல்லாம் தனி அலுவலரை நியமித்தார்கள், கிராம ஊராட்சிகளுக்கு அது பி.டி.ஓ. (கி.ஊ.). 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்கு ஐந்து வருடம் 2026 அக்டோபரில் முடிகிறது. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடந்தாக வேண்டும், தீர்மானமும் போடலாம்.

ஆனால் ஒரு பி.டி.ஓ. முப்பது நாற்பது ஊராட்சிக்குத் தலைவராக இருப்பது எப்படி நடக்கும்? பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கும் மேல் ஒரு முறை இப்படியே ஓட்டினோம். தலைவர் நல்லவரோ கெட்டவரோ, ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் எரிந்துவிட்டது என்றால் கதவைத் தட்ட ஓர் ஆள் ஊருக்குள் இருந்தார். தேர்தலைத் தள்ளிப்போடுவதில் கிராமம் இழப்பது அதைத்தான்.

மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். அடுத்து?

வரிசையாகப் போங்கள். ஊராட்சியில் கொடுத்த மனுவின் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் பி.டி.ஓ. (கி.ஊ.). அதற்கும் மேலே மாவட்ட ஆட்சியர், சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். போனில் சொல்ல ஊராட்சி மணி 155340, முதல்வர் உதவி மையம் 1100. போனில் சொன்னாலும் பதிவு எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் இன்னொரு வழி. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எந்த அலுவலருக்கு அனுப்புவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், தன்னிடம் இல்லாததை ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றிவிடுவது அவர் கடமை. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒன்றும் பதில் வராது. "இன்ன தேதி தீர்மானத்தின் நகல், இன்ன வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள்.

ஊராட்சி சொந்தமாகச் சம்பாதிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, மின்வாரியத்துக்கு மின்சாரம் கொடுத்தது. சுமார் 1.55 கோடி ரூபாய் முதலீடு. எல்லா ஊரிலும் காற்றாலை வைக்க முடியாது. ஆனால் கண்மாய் மீன் ஏலம், புளியமர மகசூல் ஏலம், சந்தை, கடை வாடகை என்று ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒன்று உண்டு. அது எவ்வளவுக்குப் போனது, பணம் கணக்கில் ஏறியதா என்று கிராம சபையில் கேளுங்கள்.

நானே தேர்தலில் நிற்கலாமா?

21 வயது ஆகி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, ஊராட்சிக்கு வரி பாக்கி இல்லாமல் இருந்தால் நிற்கலாம். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, சுயேச்சைச் சின்னம்தான். ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும்தான் கட்சிச் சின்னம். 2019 தேர்தலில் டெபாசிட் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய், பட்டியல் சமூகத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

தலைவர் பதவிக்குச் செலவழிக்கப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் வார்டு உறுப்பினருக்கு நில்லுங்கள். ஒரு வார்டில் சில நூறு ஓட்டுத்தான் இருக்கும், வீடு வீடாக நடந்தே கேட்டுவிடலாம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதே வார்டு உறுப்பினர்கள்தான், அந்த இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பது உங்கள் ஓட்டில் இருக்கிறது. வேட்புமனு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இப்போதே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டு வரி பாக்கியைக் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள்.